ஜனாதிபதி வீட்டுச் சாப்பாட்டு மேசை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, கண்ணால் பார்த்தேன். சிக்கலே அதுதான். முன்னாள் ஜனாதிபதியின் பரம்பரை வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி தடுப்புக் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய், அவருடைய சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மற்றதெல்லாம் பிறகு வாசல் பெஞ்சில் அவள் கணவர் சொன்னது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை விட்டிருந்தது. பழைய மாளிகையின் தூண்கள்...'

வேண்டாம். தூண்களைப் பார்க்க அவள் வரவில்லை.

அவள் தையல்காரி, அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு மாலையில்தான் ரயில்.

"அதுவரைக்கும் எங்கயாவது போலாமா?" என்றார்.

"அந்த ஆளு வீட்டுக்குப் போலாம்."

"அங்க எதுக்கு?"

"பாக்கணும்."

அந்த ஜனாதிபதியின் ஆட்சியில்தான் அவர்களுடைய ஒரே மகனைக் கடைத்தெருவில் வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் ஏதோ எழுதினானாம். ஆளும் திரும்பவில்லை, உடலும் வரவில்லை.

3

தொட்டிலைக் காட்டினார்கள். ஜனாதிபதியின் தாயாருடைய தையல் மெஷினைக் காட்டினார்கள். "பெல்ட்டைக் கழட்டிட்டாங்க" என்று மட்டும் அவள் முணுமுணுத்தாள். சாப்பாட்டு அறையில் வழிகாட்டிப் பெண் மனப்பாடமாகச் சொன்னாள்: "எவ்வளவு வேலை இருந்தாலும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மா கையால சாப்பிட இங்க வந்துடுவார்."

கயிற்றை அவள் தூக்கியது அப்போதுதான்.

"அம்மா, எந்திரிங்க! அங்கல்லாம் உக்காரக் கூடாது."

"என் பையனத் தூக்கிட்டுப் போனதும் ஞாயித்துக்கிழமை மத்தியானந்தான். அப்ப இங்கதான் சாப்பிட்டுட்டு இருந்தாரா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அப்போ பொறக்கவே இல்ல."

"வேற யாரக் கேக்கறது?"

[வழிகாட்டியைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். கதை சரசரவென்று ஓடியது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் குரல் நடுங்கியது. வேலை போய்விடுமோ என்ற பயம்.]

4

இந்த இடத்தில் கணவரைக் கதையிலிருந்தே எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. முன்னால் வந்து கைகூப்பியவர் அவர்தான்.

"மன்னிச்சுக்கோம்மா. இவளுக்கு உடம்பு சரியில்ல. பையன் வெளிநாட்டுல இருக்கான், அந்த ஏக்கம்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளி வைத்தாள். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது.

5

ஒரு வடிவத்தில் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மற்ற நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். உண்மையில் நாங்கள் யாரும் அசையக்கூட இல்லை. இன்னொன்றில் கணவர் உண்மையைச் சொன்னார். அதை எழுதத்தான் எனக்கு ஆசை.

பெஞ்சில் அவர் என்னிடம் சொன்னது இது: "அந்தாளு செத்தே பல வருஷமாச்சு, தம்பி. ஆனா அந்த வீட்டுக்குள்ள நின்னா வாய் தானா பொய் சொல்லுது."

மறுகோடியில் இருந்த அவள் திரும்பாமலே சொன்னாள்: "அவன் வெளிநாட்டுக்கு ஓடிட்டான்னு இத்தனை வருஷமா போலீஸ்காரங்கதான் சொன்னாங்க. இன்னைக்கு நீங்களும் சொல்லிட்டீங்க."



6

இருவரும் ஒரே ரயிலில்தான் வீடு திரும்ப வேண்டும். அந்தப் பயணத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும், எங்கோ ஒரு நிலையம் தாண்டியதும், அவள் அவரை மன்னித்துவிடுகிறாள். கதையை முடித்துவிட வேண்டும் என்கிற என் அவசரம் அது. அவளுக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை.

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் சமாதானப்படுத்திவிடாதீர்கள்.