பார்ப்பதே பக்கம்

மூன்றாவது எடிட்டரையும் அவன் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சோதித்து முடித்துவிட்டான். அதிலும் குறை இல்லை. அடித்தால் எழுத்து வந்தது, தடிமனாக்கு என்றால் தடித்தது, சேமி என்றால் சமர்த்தாகச் சேமித்தது. ஒன்றாவது கொஞ்சம் மக்கர் பண்ணித் தொலைக்கக் கூடாதா என்று அவனுக்கு அழுகையே வந்தது.

வெப்சைட் செய்து கொடுப்பது அவன் தொழில். ஆஸ்பத்திரிக்கு அவன் செய்து கொடுத்த வெப்சைட்டில் தினசரி அறிவிப்பு எழுதுபவள் அவனுடைய அக்கா. எந்த டாக்டர் விடுப்பு, எந்த ஸ்கேன் மெஷின் பழுது, யார் வெறும் வயிற்றோடு வர வேண்டும், எல்லாம் அவள் எழுதினால்தான் நோயாளிகளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் மொழியின் தலையும் வாலும் தெரியாதவர்கள்கூட எழுதி, ஒரு பொத்தானை அழுத்தி வெளியிட ஒரு எழுதுபெட்டி வேண்டுமில்லையா? அதுதான் எடிட்டர்.

எடிட்டர் தேர்ந்தெடுத்ததில் இந்த மேதாவிக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை. ஒன்றை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினான். வண்ணம் கிடையாது, அலங்காரம் கிடையாது. வேறு இடத்தில் எழுதியதைக் கொண்டுவந்து ஒட்டினால் அதன் நிறத்தையெல்லாம் உரித்துவிட்டு வெற்று எழுத்தாக வைக்கும். 'மொட்டை' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டான். சகல ஜோடனைகளும் உள்ள இன்னொன்றைப் பிடித்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி சூப்பிரண்டிடம் காட்டினான்.

"நீங்க திரையில என்ன பாக்குறீங்களோ, அதைத்தான் சார் வெளியில எல்லாரும் பாப்பாங்க. துளி மாறாது."

அக்காவுக்கு வெளிச்சத் திரையைப் பார்த்தால் தலைவலி. அதனால் அவள் தன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்தால் மட்டும் வெப்சைட் முழுக்கக் கறுப்புப் பின்னணியில் தெரியும்படி செய்து கொடுத்தான். அவன் பாசம் அந்த அளவுக்காவது இருந்தது.

அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது. எல்லா நாளும் இல்லை, ஒரு சில நாட்களில் மட்டும் 'இன்றைய அறிவிப்பு' என்ற தலைப்பின்கீழ் தேதி மட்டும் இருந்தது. கீழே வெறும் வெள்ளை. நோயாளிகள் வந்து வந்து திட்டிவிட்டுப் போனார்கள். முந்தாநாள் ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு வந்த ஒரு பெரியவர், மெஷின் பழுது என்று கேட்டுத் திரும்பும்போது படியில் மயங்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். இன்று மாலை விசாரணை.

நேற்று சூப்பிரண்டு அவனுக்குப் போன் செய்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"கோளாறு உங்க எடிட்டர்லயா, உங்க அக்காகிட்டயா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"எடிட்டர்ல ஒண்ணும் இல்ல சார்," என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் நிற்கவில்லை. "அக்கா இப்பல்லாம் கொஞ்சம் மறக்குறாங்க. எழுதாமலே சேமிச்சிருப்பாங்க."

போனை வைத்த நிமிஷத்திலிருந்து சோறு இறங்கவில்லை. எப்படியாவது ஒரு குறையைக் கண்டுபிடித்து, பழியை எடிட்டர் தலையில் கட்டி, புதிதாக ஒன்றை மாட்டிவிட்டால் அக்கா தப்பித்துவிடுவாள். அதற்குத்தான் மாட்டிக் கொடுத்ததையும் அதே ரகத்தில் இன்னும் இரண்டையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இந்தப் பாடு.

போன் அடித்தது. அக்காதான்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதே. நான் எழுதினேன்டா. என் திரையில இப்பவும் அத்தனையும் இருக்கு. சூப்பிரண்டு ரூம்ல போய்ப் பாத்தா ஒண்ணும் இல்ல. திரும்பி என் இடத்துக்கு வந்தா இருக்கு."

அவன் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்.

"அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

அம்மா கடைசிக் காலத்தில் காலி நாற்காலியைக் காட்டி, "அவர் வந்து எவ்வளவு நேரமாச்சு, தண்ணி குடு" என்பாள். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் அக்கா. அவன் விருந்தாளி மாதிரி வந்து போனவன். இப்போது அவனும் அதையேதான் நினைத்தான்.

"வேலையை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்டா," என்றாள் அக்கா. "என்னால இன்னொருத்தர் மண்டை உடைய வேணாம்."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். பதிவு கவுன்டருக்குப் பின்னால், ஜன்னலில்லாத அறையில் அவள் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சீப்பு, தைல டப்பா, மூக்குக் கண்ணாடி உறை. அவன் திரையை எட்டிப் பார்த்தான். கறுப்புப் பின்னணியில், வெள்ளை எழுத்தில், முந்தாநாள் தேதிக்குக் கீழே 'ஸ்கேன் மெஷின் பழுது, இன்று யாரும் வர வேண்டாம்' என்று தொடங்கிப் பத்து வரி இருந்தது.

"அக்கா, எனக்கும் தெரியுது."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லாதேடா." அவன் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வலித்தது.

அவன் வரி வரியாகப் படித்துக் காட்டினான். பிறகு தன் போனில் அதே பக்கத்தைத் திறந்தான். வெள்ளை. அந்த வெறுமையின்மேல் விரலை அழுத்தி இழுத்தான். விரல் போன வழியெல்லாம் நீலம் படர்ந்தது. நீலத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது.

"நீ எதுல எழுதுறே?"

"பெரிய அறிவிப்புன்னா முதல்ல கம்ப்யூட்டர்லயே தனியா ஒரு பக்கத்துல எழுதிப்பேன். கறுப்புப் பக்கம், வெள்ளை எழுத்து. நீ வெப்சைட்டுக்குச் செஞ்ச மாதிரியே நானும் அங்க வச்சுக்கிட்டேன், கண்ணுக்கு இதமா இருக்குன்னு. அதை அப்படியே எடுத்து இங்க ஒட்டிடுவேன். சின்னதுன்னா நேரா அடிச்சிடுவேன்."

அவ்வளவுதான் விஷயம். அவன் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த எடிட்டர் அவளுடைய வெள்ளை நிறத்தையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டுபோய் வெள்ளைப் பக்கத்தில் வைத்திருக்கிறது. அவன் ஒதுக்கிய அந்த 'மொட்டை' எடிட்டராக இருந்திருந்தால் நிறத்தை உரித்துப் போட்டிருக்கும். காலையிலிருந்து மூன்று எடிட்டர்களிலும் அவன் கையால் அடித்துப் பார்த்தானே தவிர, ஒரு வரியைக்கூட ஒட்டிப் பார்க்கவில்லை.

"உனக்கு ஒண்ணும் இல்லக்கா! எழுத்தெல்லாம் இங்கதான் இருக்கு. தப்பு என்னோடது, சூப்பிரண்டுகிட்ட நானே சொல்றேன்." அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவள் சிரிக்கவில்லை. தைல டப்பாவைக் கையில் வைத்தபடி அவனையே பார்த்தாள்.

"நேத்து அவர் உன்கிட்ட பேசினப்ப ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். நான் எதிர்லதான் நின்னேன்."

அவள் டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு மறதின்னு அவர்தான் முதல்ல சொன்னார். நான் நம்பலை, சண்டைகூடப் போட்டேன். நீ சொன்னதுக்கப்புறம்தான்டா நம்பினேன்."

விசாரணைக்குக் கூப்பிட ஆள் வந்து நின்றது. அக்கா அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.