ஒரு கட்டத்துக்கு இரண்டு எண்

மயாமியில் பனி பெய்ததாக ரேடியோக்காரன் சொன்னபோது, மார்லிஸ் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தலையணையைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

"எங்கன்னு சொன்னான்?"

"மயாமியாம்ப்பா. ஃப்ளோரிடால."

அப்பா ஆர்வித் கண்டோலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க ஐந்து நிமிடம் ஆனது. வாயைத் துடைத்துவிட்டாள். "இங்க குளிர் தாங்கலைன்னு அங்க ஓடினானுங்கள்ல. நல்லா வேணும் பயலுகளுக்கு," என்றார். அப்புறம், "எழுது. மறந்துறப் போற," என்றார்.

காலண்டர் அவர் போர்வை மேலேயே கிடந்தது. கூட்டுறவு தானியக் கடையில் வருஷா வருஷம் இலவசமாகக் கொடுப்பது. மற்ற வீடுகளில் அது சமையலறைச் சுவரில் அழகுக்குத் தொங்கும். ஆர்வித்துக்கு அது நித்திய கடமை. காலையில் எழுந்ததும் வாசல் தெர்மாமீட்டரைப் பார்த்து அன்றைய கட்டத்தில் எண்ணைப் போடுவார். பக்கத்தில் உலகத்தில் நடந்தது ஒரே ஒரு வரி. மினசோட்டாவின் வடகோடியில், கனடா எல்லைக்கு இருபது மைலில் இருபத்தைந்து மாடு வைத்திருக்கிற மனுஷனுக்கு உலகத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. அந்த எழுபத்தேழு ஜனவரி பதினேழில் 'யூட்டாவில் ஒருவனைச் சுட்டு மரண தண்டனை' என்று இருந்தது. பதினெட்டில் 'சிட்னி ரயில் மேல் பாலம் விழுந்தது. இந்தியாவில் தேர்தலாம்.' படுத்த பிறகு கையெழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணுக்குக் கீழே இன்னொரு எண் இருக்கும். ராத்திரிக் குளிராக இருக்கும் என்று மார்லிஸ் நினைத்திருந்தாள். ஓரத்தில் ஏதோ பெருக்கல், வகுத்தல். மாட்டுத் தீவனக் கணக்கு என்று நினைத்திருந்தாள்.

பத்தொன்பதாம் தேதிக் கட்டத்தில் 'மைனஸ் 26' என்று எழுதினாள். பக்கத்தில் 'மயாமியில் பனி'. காட்டினாள்.

அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். விரலால் கட்டத்தின் கீழ்ப்பக்கம் தட்டினார்.

"இன்னும்."

"இன்னும் என்னப்பா?"

அவர் ரேடியோவைப் பார்த்தார். கை ஒன்றைத் தூக்கி அதன் பக்கம் நீட்டினார். சத்தம் தொந்தரவாக இருக்கிறது போல என்று மார்லிஸ் எழுந்துபோய் ரேடியோவை அணைத்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

சமையலறையில் அம்மா எல்மா ஏலக்காய் போட்ட ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபியோடு வைக்க வேண்டுமே என்று அவள் கை தானாகவே ஆரம்பித்துவிட்டது. வாய்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும்டி. நாளைக்கு அந்தாளு ஜனாதிபதியா பதவி ஏத்துக்கிறான். ஏத்துக்கிட்ட உடனே பசங்களுக்கெல்லாம் மன்னிப்புன்னு வாக்குக் குடுத்திருக்கான்ல?"

"குடுத்திருக்கான்மா."

"ஒரே ஒரு நாள். பிடிவாதம் பிடிக்கிறதுக்கு இந்த மனுஷனுக்குச் சொல்லியா தரணும்? இதுக்கும் கொஞ்சம் பிடிக்கட்டுமே."

அவள் மகன் பேரைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஆறு வருஷமாக அந்தப் பேர் கிடையாது. டேல், மார்லிஸின் தம்பி. வியட்நாமுக்குப் போகச் சொல்லி ஓலை வந்த பதினோராவது நாள், எழுபதாம் வருஷம் செப்டம்பரில், எல்லை தாண்டி கனடாவுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தால் ஜெயில். ஆர்வித் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் சண்டை போட்டவர். ஆனால் கோபம் அதனால் மட்டும் இல்லை. எதிர்வீட்டு பெர்னிஸின் ஒரே மகன் கென்னி, டேலோடு ஒரே வகுப்பில் படித்தவன், வியட்நாமுக்குப் போய் அந்தக் கோடையிலேயே சவப்பெட்டியில் வந்திருந்தான். "அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று மட்டும்தான் அப்பா கேட்டார். அன்றைக்கு அந்தப் பேர் நின்றது.

போன் போட்டுப் பேசவும் வழியில்லை. அந்தச் சாலையில் நாலு வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. இங்கே எடுத்தால் அங்கே கேட்கும். பெர்னிஸ் கேட்டுவிட்டால்? மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள்; வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கிருந்து திருட்டுத்தனமாகத் தம்பியோடு பேசுவாள். அவன் கடிதம் வந்தால் அம்மா படித்துவிட்டு மேசை மேலேயே விட்டுவைப்பாள். அப்பா அதைத் தாண்டிப் போய்க் காபி ஊற்றிக்கொள்வார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆர்வித் கண்டோலா இறந்துபோனார். பிடிவாதம் பிடிக்கவில்லை. மாவு அப்போதுதான் உப்பி மேலே வந்திருந்தது. எல்மா அதைப் பார்த்தாள், கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்லிஸ் தொலைபேசியை எடுத்தாள். இந்த முறை வீட்டிலிருந்தேதான். கனடாவின் தண்டர் பே நகரில் டேல் வேலை செய்கிற தானியக் கிடங்கின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். அவனைத் தேடிக் கூட்டிவர நேரம் பிடித்தது. காத்திருக்கும்போது கம்பியில் 'டிக்' என்று ஒரு சத்தம். யாரோ எடுக்கிறார்கள். அந்த மூச்சு மார்லிஸுக்குத் தெரியும்.

"அக்கா?"

"டேல், அப்பா போயிட்டாருடா."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்போ?"

"இப்பத்தான். அரை மணி ஆச்சு."

"நாளைக்குத்தானே பதவி ஏத்துக்கிறாங்க," என்றான், அவள்தான் தேதியைத் தப்பாகச் சொல்கிறாள் என்பது போல. அப்புறம் குரல் உடைந்தது. "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

மார்லிஸுக்குப் பொய் சொல்லத் தெரியும். பெர்னிஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?

"இல்லடா."

"சரி." மூக்கை உறிஞ்சினான். "எப்போ அடக்கம்?"

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு சர்ச்சுல. மண்ணு உறைஞ்சு கல்லாட்டம் கெடக்கு. பெட்டியைக் கல்லறை ரூம்ல வச்சு மே மாசந்தான் புதைப்பாங்க."

"மன்னிப்பு வந்தாலும் வரேன். வராட்டியும் வரேன்."

"பைத்தியக்காரத்தனம் பண்ணாதடா. பிடிச்சு உள்ள போட்டா அம்மா அதையும் பாக்கணுமா?"

அவன் வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அந்த இன்னொரு 'டிக்' கேட்டது.

வியாழக்கிழமை மதியம் புது ஜனாதிபதி பதவி ஏற்றதை எல்மா தொலைக்காட்சியில் நின்றுகொண்டே பார்த்தாள். அந்தாளு காரைவிட்டு இறங்கி மனைவியோடு தெருவில் நடந்துபோனான். "நட, நட. நேத்து நடந்திருக்கக் கூடாதா," என்றாள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஆர்வித்தின் நல்ல கோட்டை எடுத்து பிரஷ் போட ஆரம்பித்தாள். இரண்டு தோள்களையும் தேய்த்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மன்னிப்பில் கையெழுத்து விழுந்தது. செய்தி வந்து கொஞ்ச நேரத்தில் வாசற்கதவைத் தட்டுகிற சத்தம். பெர்னிஸ். கையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட கண்ணாடிப் பாத்திரம், மேலே துணி சுற்றியிருந்தது. அடியில் பிளாஸ்திரி ஒட்டி பேர் எழுதியிருப்பாள். அந்த ஊர்ப் பாத்திரங்கள் எல்லாமே அப்படித்தான்.

காலணியைக்கூடக் கழற்றாமல் வாசல் பாயிலேயே நின்றாள்.

"ரேடியோ கேட்டேன்," என்றாள்.

எல்மா, "காபி குடிக்கிறியா பெர்னிஸ்?" என்றாள்.

"இருக்கட்டும்." பாத்திரத்தை மார்லிஸ் கையில் கொடுத்தாள். "அவன் வர்றானா?"

கேட்டது யாரிடம் என்று தெரியாமல் எல்மா மகளைப் பார்த்தாள். அப்புறம் மார்லிஸ், "வருவான்னு நெனைக்கிறேன்," என்றாள். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெர்னிஸ் கையுறையைப் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள்.

"பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க அவனையே அனுப்பு," என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போய்விட்டாள். எல்மா பாயில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். புருஷன் செத்ததிலிருந்து அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு டேல் சர்ச்சுக்குள் வந்தான். முடி தோள் வரைக்கும். யாரோ ஒருவருடைய கோட்டைக் கடன் வாங்கிப் போட்டிருந்தான், கை நீளம் போதவில்லை. ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. பேச்சு நின்றது. அவன் நேராகப் பெட்டிகிட்டே போய் நின்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அப்பா முகம்.

"இவ்ளோ சின்னவரா ஆயிட்டாரே," என்றான் அக்காவிடம். "இவ்ளோ சின்னவரா?"

மார்லிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிடித்தாள். மூன்று நாள். ஆறு வருஷம் காத்திருந்தாயிற்று, வெறும் மூன்று நாளில் தப்பிப்போயிற்று. கத்தித் தீர்க்க வேண்டும் போல இருந்தது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, வந்தவர்கள் காபி குடித்துப் போன பிறகு, டேல் கழுவித் துடைத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான். அம்மாவும் மகளும் ஜன்னல் பக்கம் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தான். கண் சிவந்திருந்தது.

"என்னடா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கென்னியோட ரூமைக் காட்டினா. காபி குடுத்தா." கோட்டைக் கழற்றினான். "மே மாசம் அப்பாவுக்குக் குழி வெட்டும்போது அவளும் வராளாம்."

எல்மா, "இன்னிக்கு சனிக்கிழமை, சௌனா நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டணும். யார் செத்தாலும் குளிக்காம படுக்கக்கூடாது," என்று சொல்லி விறகெடுக்கப் போனாள். கூட வந்த மகனை, "நீ இரு. உடம்பு வெறைச்சுப் போயிருக்கு," என்று தள்ளிவிட்டாள்.

அப்பாவின் கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. காலண்டர் அதன் மேல் இருந்தது. டேல் உட்கார்ந்து அதை எடுத்தான்.

"இன்னும் இதை எழுதிட்டிருந்தாரா?" சிரித்தபடிதான் கேட்டான். பிறகு சிரிப்பு போய்விட்டது. பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"அக்கா, இந்தக் கீழ எழுதியிருக்கிறது என்ன?"

"ராத்திரிக் குளிரு."

"இல்ல. பதினொண்ணுல பாரு. மேல உள்ளதை விட கீழ உள்ளது சூடு. ராத்திரி எப்படிப் பகலை விட சூடா இருக்கும்?" விரலை ஒன்பதாம் தேதியில் வைத்தான். "இந்தா, கீழ மைனஸ் இருபத்தொன்பது. அன்னிக்கு என் வண்டி ஸ்டார்ட் ஆகல. கிடங்குக்கு நடந்து போனேன். எங்க ஊர் ரேடியோவுல, இங்கயும் கேக்குமே அது, மைனஸ் முப்பத்தி நாலுன்னு சொன்னான். ரெண்டு வருஷமா அங்க செல்சியஸ்லதான் சொல்றாங்க, இங்க மாதிரி ஃபாரன்ஹீட் இல்ல." ஓரத்துக் கணக்கைத் தடவினான். முப்பத்தி நாலை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைச் சரிக்கட்டி, கீழே இருபத்தொன்பது.

"மாத்தியிருக்காரு. எங்க ஊர் குளிரை."

மார்லிஸ் அடுப்புக்குப் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்தாள். பழைய காலண்டர்கள் எல்லாம் அங்கேதான். எழுபதை எடுத்தாள். செப்டம்பர் முழுக்க ஒரு கட்டத்துக்கு ஒரே எண். அக்டோபர் எட்டிலிருந்து இரண்டு. அன்றைக்குத்தான் டேலின் முதல் கடிதம் வந்தது, தண்டர் பே தபால் முத்திரையோடு. மேசை மேலே இரண்டு நாள் கிடந்தது. எழுபத்தொன்றைப் புரட்டினாள், எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. ஒரு நாள் விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ரேடியோவை அணைச்சிட்டேன்டா," என்றாள். "கடைசி நாள். இன்னும் இருக்குன்னு கட்டத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். ரேடியோ பக்கம் கை நீட்டினார். உன் ஊரு நிலவரம் வர்ற நேரம். நான் சத்தம்னு நெனச்சு அணைச்சிட்டேன். எப்படிப் பார்த்தார் தெரியுமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?"

டேல் பத்தொன்பதாம் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைனஸ் 26, மயாமியில் பனி, கீழே வெறும் இடம். வெளியே அம்மா விறகு பிளக்கிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு மைனஸ் முப்பது," என்றான். "நீ போன் பண்ணி வச்ச பிறகு கிடங்கு வாசல்ல போய் நின்னேன். அங்க பலகையில போட்டிருப்பாங்க."

காலண்டரோடு நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்தான். ஓரத்தில் ஒன்பதால் பெருக்கினான், ஐந்தால் வகுத்தான். ஒரு தடவை தப்பாகி, அடித்துவிட்டு மறுபடி போட்டான். கீழே இருந்த வெறும் இடத்தில் 'மைனஸ் 22' என்று எழுதினான்.

பிறகு இருபதையும் இருபத்தொன்றையும் எழுதினார்கள். அவள் மேல் எண்ணைச் சொன்னாள், அவன் கீழ் எண்ணைச் சொன்னான். பதவியேற்பு. மன்னிப்பு.

இருபத்திரண்டுக்கு வந்ததும் மார்லிஸ் எழுந்து வாசல் கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மைனஸ் பதினொண்ணு."

டேல் எழுதினான். பென்சிலை அந்தக் கட்டத்தின் கீழ்ப்பக்கம் கொண்டுபோனான். அங்கே ஒன்றும் போடாமல் அதை நூலில் தொங்கவிட்டு, காலண்டரைக் கொண்டுபோய்ச் சமையலறை ஆணியில் மாட்டினான்.