வெராகுரூசில் ட்ரம்பெட் இல்லை

சவப்பெட்டி வாவிக்கரை மீன்வாடியைத் தாண்டும்போது ஜெயராஜாவின் பாண்ட் கோஷ்டி ட்ரம்பெட்டை எடுத்தது. இரண்டு ஊது ஊதுமுன் ஞானமலர் ஊர்வலத்துக்கு முன்னால் ஓடிப் போய்க் கையை விரித்து நின்றாள். சிலுவைக்குப் பின்னால் வந்த சுவாமியார் அவளில் முட்டப் பார்த்தார்.

அவள் புருஷன் சவரிமுத்து சரக்குக் கப்பலில் சமையல்காரனாயிருந்தவன். மெக்சிக்கோவில், வெராகுரூஸ் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நாலு மாதம் கிடந்தது. கப்பலைத் திருத்தியவர்கள் இவனைக் கெடுத்துவிட்டார்கள். எட்டு நரம்புச் சின்னக் கிட்டாரோடும் மூடாத வாயோடும் வந்து சேர்ந்தான். வெராகுரூசில் இந்தக் கிட்டார், மெக்சிக்கோவின் வடக்கே அக்கோடியன், ஹலிஸ்கோப் பக்கம் ட்ரம்பெட், வஸ்தேக்காவில் வயலின், அங்கே பாடுகிறவனின் குரல் நடுவில் உடைந்து உச்சிக்கு ஏறும் என்று முப்பது வருடம் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலிருந்து பாடம் நடத்தினான். அந்தக் குரலை ஒருநாள் வாவியில் எடுத்துக் காட்டியதில் மூன்று தோணிகள் தாமாகக் கரைக்குத் திரும்பின. தோணிக்காரர் இன்றும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். ஞானமலர் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிக் கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கேட்டது ஒன்றுதான்: தன்னை எடுக்கும்போது வெராகுரூஸ் இசை வேண்டும், ட்ரம்பெட் கூடாது. அவன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாள்.

"என்னக்கா, மெக்சிக்கோப் பாட்டு எண்டுதானே சொன்னீங்க?" என்றான் ஜெயராஜா. "போனில பாத்து ரெண்டு நாளாப் பழகினம்."

"வடமோடிக் கூத்துக் கேட்டவனுக்குத் தென்மோடி ஆடிக் காட்டுவியா மனே? இது ஹலிஸ்கோ. என்ட மனிசன் கேட்டது வெராகுரூஸ்."

சொன்ன பிறகு அவளுக்கே திகைப்பு. கேளாத காதுக்குள் இதெல்லாம் எப்போது புகுந்தது? போனில் வெறுமனே மெக்சிக்கோ என்று சொன்னதும் தான்தான். அது நினைவு வரக் கோபம் இன்னும் ஏறியது. ஜெயராஜாவில், தன்னில், எல்லாரையும்விட, இவ்வளவுக்கும் வாய் திறக்காமல் பெட்டிக்குள் கிடந்தவனில்.

நேரம் போகுது, சுவாமியாருக்கு அடுத்த பூசை இருக்கு என்று மகள் டினுஷா கெஞ்சினாள்.

"சப்பாத்தைக் கழட்டு புள்ள."

வெராகுரூசில் பலகையில் ஏறிக் குதிக்காலால் தாளம் அடிப்பார்கள். அதையும் அவன்தான் சொல்லியிருந்தான். வாடியிலிருந்து மீன் வெட்டும் பலகையை இழுத்து நடுறோட்டில் போட்டு, மகளின் குதிச் சப்பாத்தோடு, அறுபத்திரண்டு வயதில் ஏறினாள். முதலில் விழுந்தது தாளமில்லை, உதை. சப்பாத்து கடித்தது. உதைத்தாள். பிறகு மூன்று அடி விரைந்தும் ஓரடி தங்கியும் வரத் தொடங்கின. மேளக்காரன் தாளத்தைப் பிடித்துக்கொண்டு குச்சியைத் தூக்கினான். அவள் பார்த்த பார்வையில் இறக்கினான்.

பெட்டி தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் பலகையிலிருந்து செதில்கள் கிளம்பி வெள்ளைச் சேலையில் ஒட்டின.