தொப்பிக்காரரின் பெயர்

இரண்டாயிரத்து ஏழில் வெள்ளவத்தையில் யாராவது பெயர் கேட்டால், நாங்கள் முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்போம். தமிழர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காணாமலாக்கிய காலம் அது.

கொட்டாஞ்சேனைக்கு அந்த வீடியோ கசெற்றைக் கொண்டு போனபோதும் அப்படித்தான். என் கணவர் இளவயதில் நடித்த ஒரேயொரு படம் அது. கறுப்பு வெள்ளையில் ஒரு கொலைக் கதை. செலவழிக்க வசதியில்லாமல் இரண்டே விளக்குகளை வைத்து எடுத்தார்களாம். ஆட்களை விட நிழல்கள்தான் அதிகம். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எங்கள் புகைப்படங்கள் எல்லாம் எரிந்தன. நுகேகொடையில் சிநேகிதர் ஒருவரிடம் கிடந்த இந்தக் கசெற் மட்டும் தப்பியது. கணவர் முந்தின வருடம் குண்டுவெடிப்பில் போய்விட்டார். அவருடைய இளம் முகம் இனி எனக்கு இதில் மட்டுந்தான்.

அங்கே பலீல் என்பவர், தன் வீட்டில் இருந்தபடியே பழைய படங்களைக் கணினியில் போட்டுத் துப்புரவாக்குபவர். படத்தை ஓடவிட்டு, தெருவிளக்கின் கீழ் தொப்பியோடு நின்ற என் கணவரைக் காட்டினார்.

"பேரெழுத்தெல்லாம் அழிஞ்சி போச்சி. புதுசாப் போடணும். இது யாரு?"

"கனகசபாபதி," என்றார் துணைக்கு வந்திருந்த கணவரின் தம்பி நாகேந்திரம், கண் இமைக்காமல். விசாரிப்பவர்களுக்குச் சொல்வதற்கென்று, வெளிநாடு போய்விட்டவர்களின் பெயர்கள் எங்கள் எல்லோரிடமும் ஒன்றிரண்டு தயாராக இருந்தன.

அதன்பின் கொடுத்த கசெற் திரும்பி வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "இன்னும் கீறல் ஈக்கி, துப்புரவாகல்ல," என்றார் பலீல். ஒருமுறை எங்கள் வீடு எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்றும் விசாரித்தார்.

"மச்சாள், அவன் ஆருக்கோ தகவல் குடுக்கிறான். கசெற்றை மறவுங்கோ," என்றார் நாகேந்திரம்.

"நீர் மறவும். நான் போறன்."

முணுமுணுத்தபடி அவரும் வந்தார். பலீலிடம் நேராகவே கேட்டேன். "தம்பி, ஏன் தராமல் வைச்சிருக்கிறீங்கள்?"

அவர் சிரிக்கவில்லை. "எங்கட வாப்பாதான் இந்தப் படத்துக்கு லைட் புடிச்சவர். தொப்பிக்காரர்ட பேரை அவர் எத்தனையோ தரம் சொல்லீக்கார். கனகசபாபதி இல்ல. பேரே தெரியாத ஆக்கள் கசெற்றோட வந்தா நான் என்ன நினைக்க? களவுச் சாமானோ?"

திரையில் என் கணவர் கீறலில்லாமல் நின்றார். தாடையில் சவரம் செய்தபோது வெட்டிய காயம் கூடத் தெரிந்தது. பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"வாப்பா சொன்ன பேரை நீங்க சொல்லுங்க. தாறன்."

நாகேந்திரம் என் முழங்கையைப் பிடித்தார். "பொறி வைக்கிறான், மச்சாள்." இருக்கலாம். பொறியா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை.

"சிவபாதசுந்தரம்," என்றேன். "என்ர மனிசன்." அவர் இருந்த காலத்தில் நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். சத்தமாகவே வந்துவிட்டது.

பலீல் விசைப்பலகையை இழுத்து, வெறுமையாக இருந்த இடத்தில் அந்தப் பெயரை அடித்தார். நாகேந்திரம் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார்.