ராணி கலர் கவுன்

மாமாவுக்கு வாய் திறந்து ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல வராது. எனக்குக் காது கொடுத்துக் கேட்க வராது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தால் உருப்படுமா?

மாமா என்றால் அக்கா புருஷன். அக்காவுக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அழவில்லை, சிரிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். சண்டைக்கு இழுத்தால்கூட வரவில்லை. அவளோடு சண்டை போடாமல் எனக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் மாமா அந்த யோசனையைச் சொன்னார். சின்ன வயதில் நானும் அக்காவும் ஒரே கீபோர்டில் ஒரு கேம் விளையாடுவோம். பெட்டிகளைத் தள்ளித் தள்ளி அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். இடம், வலம் அவள் விரல். மேலே, கீழே என் விரல். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கைவிட்டுவிட்டது. மாமா ஆசைக்காக அதற்குப் புரோகிராமைத் தானே புதிதாக எழுதப்போகிறாராம். தரை, சுவர், பெட்டி, தள்ளுகிற பொம்மை எல்லாமே சின்னச் சின்னச் சதுரப் படங்கள், டைல் என்பார்கள். அவற்றை வரைவது என் பொறுப்பு.

"பொம்மை உங்க அக்காவா இருக்கட்டும். அவ ஒரு தடவையாவது சிரிக்கணும்."

"சிரிக்க வைக்கிறேன் பாருங்க, மாமா!"

எனக்கு வண்டி ஸ்டிக்கர் கடையில் டிசைனர் வேலை. பகலெல்லாம் புலியும் கழுகும் வரைந்துவிட்டு, சாயங்காலம் வந்து டைலோடு உட்கார்ந்தேன். அக்கா வீட்டு அடுப்படியின் கறுப்பு வெள்ளைத் தரைதான் கேமிலும் தரை. மூலை உடைந்த கல்லைக்கூட விடவில்லை. பெட்டிக்கு மாமாவின் நைந்த ஷூ டப்பா. பொம்மைக்கு ராணி கலர் கவுன். கண்ணைப் பறிக்கிற அந்த ரோஸ் என்றால் அக்காவுக்கு உயிர். மங்கலாகப் போட்டால் கோபித்துக்கொள்வாள் என்று, கம்ப்யூட்டர் எவ்வளவு பளிச்சென்று காட்டுமோ அவ்வளவு பளிச்சென்று போட்டேன்.

"எந்தக் கலர் வேணா போடு. மெஜந்தா மட்டும் வேண்டாம்," என்று மாமா போனில் சொன்னது உண்மை. "சரி சரி," என்று வைத்துவிட்டேன். எங்கள் கடையில் மெஜந்தா என்பது பிரிண்டருக்கு ஊற்றுகிற மை. கையில் பட்டால் லேசில் போகாது. கேமுக்கும் மைக்கும் என்ன சம்பந்தம்? ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் நானா?

"ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா?" என்று வேறு கேட்டார்.

"தொடாதீங்க! முதல்ல அக்காதான் பார்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கிட்டத்தட்ட இழுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தோம்.

"நம்ம அடுப்படி மாதிரி இருக்கு," என்றாள். அப்புறம், "ஏய், அது இவரோட ஷூ டப்பா!" உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

திரையில் கதவு திறந்து பொம்மை வந்தது. தலை இருந்தது. கை, கால் இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. கவுன் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வெள்ளைத் தரை தெரிந்தது.

"அந்தக் கலர் வந்தா கேம் அதைக் காலி இடம்னு எடுத்துக்கும்," என்றார் மாமா. "மெஜந்தா வேண்டாம்னு சொன்னேனே..."

"இதுக்குப் பேரு ராணி கலர், மாமா! வாயைத் திறந்து அப்படிச் சொன்னா என்ன?"

கத்தி என்ன பிரயோஜனம்? அக்கா அந்த வெறும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

மாமா கேமை மூடப்போனார். அக்கா அவர் கையைத் தள்ளினாள்.

"ஒரே நிமிஷம்க்கா. கலரை ஒரு துளி குறைச்சா சரியாயிடும். நான் மாத்திடறேன்."

"விடுடி," என்றாள். "சரியாத்தான் வரைஞ்சிருக்கே."

அப்புறம்தான் அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் தடவை. மாமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்க வைக்கிறேன் என்று வாய் கிழியப் பேசிய நான், பக்கத்தில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அழுதுகொண்டே பொம்மையை இடப்பக்கம் நகர்த்தினாள். வலப்பக்கம் நகர்த்தினாள். அது சுவரில் முட்டி நின்றது.

"மேல போகணும்," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உன் கை எங்கடி?"

விரலை வைத்தேன். பொம்மை மேலே போகப் போக, அதன் நடுவில் தரை ஒவ்வொரு கட்டமாகத் தெரிந்துகொண்டே வந்தது.