ஏழு முனை மோட்டார்

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சர்வோ மோட்டார் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாருக்கோ போகவேண்டிய மோட்டார் கையேடு தவறி என் தபால்பெட்டியில் விழுந்தது. பாதி படித்தேன். அதனால் வந்த வினை இந்தக் கதை.

முதல் தொடக்கம்: "டெஸ்டர் மோட்டாரைப் பிரித்து, தேய்ந்த பிரஷைக் கழற்றி—"

[நிறுத்தினேன். கையேட்டின் அட்டையிலேயே போட்டிருக்கிறது, பிரஷ் இல்லாத மோட்டார் என்று. இல்லாததை எங்கே கழற்றுவது?]

2

டெஸ்டர் என்பது அவன் பட்டப்பெயர். சட்டைப்பையில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் இல்லாமல் அவன் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை, தன் கல்யாணம் உட்பட. அவன் அக்கா அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்துகிறாள். பெட்டி மடிக்கும் இயந்திரத்துக்குப் புதிய டிரைவ், அதாவது மோட்டாரை ஓட்டும் மின்பெட்டி, வந்திருக்கிறது. மாட்டித்தரும் வேலை தம்பிக்கு. மோட்டாருக்குள் எத்தனை காந்த முனைகள் என்று டிரைவுக்குச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மோட்டார் தறிகெட்டு உதறும். மோட்டார் தகட்டிலோ எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. நான் போகிற போக்கில் எழுதிவைத்தேன்: "அதற்கு ஏழு முனை."

அக்காவின் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு மணி வரைக்கும்தான். அப்புறம் வெளியாளக் கூப்பிட்டுருவேன். உன் தம்பி தொட்டு உருப்பட்டது ஒண்ணு சொல்லு பாப்போம்."

"இது உருப்படும். நான் சொல்றேன்ல," என்றாள் அக்கா.

3

முனையை எண்ணுவதற்கு டெஸ்டரிடம் ஒரு வழி உண்டு. மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டுக்கு லேசாக பேட்டரி மின்சாரம் கொடுத்து, மோட்டாரின் சுழலும் தண்டைக் கையால் சுற்றுவான். காந்தம் பிடிக்கும் இடத்தில் தண்டு சட்டென்று உட்காரும். ஒரு சுற்றில் எத்தனை தடவை உட்காருகிறதோ, அத்தனை ஜோடி முனை.

மூன்று தடவை உட்கார்ந்தது. அப்புறம் அரைத் தடவை.

"அக்கா, மூணரை வருது."

"அரை எப்படிடா வரும்?"

"பாதி உக்காந்துட்டு எந்திரிச்சிருது, அவசரமா வந்த விருந்தாளி மாதிரி."

மாமாவும் சுற்றிப் பார்த்தார். மூன்றரைதான்.

[அடிக்குறிப்பு: வடமுனை இருந்தால் கூடவே தென்முனை இருந்தாக வேண்டும். ஆகவே எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. இது கையேட்டின் நான் படிக்காத பாதியில் இருக்கிறது.]

4

டெஸ்டர் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தான்.

"சார், இது மோட்டார் கோளாறு இல்ல. உங்க கோளாறு."

"தெரியுதுப்பா. எட்டுன்னு மாத்திட்டா நீ பத்து நிமிஷத்துல முடிச்சிருவ. கதையே இருக்காதே."

"கதைய வச்சு நான் என்ன சார் பண்ணப் போறேன்? எனக்காக அக்கா வாய்விட்டுப் பேசினது இதுதான் முதல் தடவ. அவ முகம் சிறுத்துப் போச்சுன்னா நான் இந்தப் பக்கமே வர முடியாது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் புத்தி போகுமா? மாற்று முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன்: வெளியாள் வருகிறார், அவருக்கும் மூன்றரை வருகிறது, தேம்பித் தேம்பி அழுகிறார். மாற்று முடிவு இரண்டு: அக்கா மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு—

வேண்டாம்.

5

மணி பன்னிரண்டாக இன்னும் இரண்டு நிமிடம். "ஏழு" என்பதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் எட்டென்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு தடவை உளறியவனை டெஸ்டர் ஏன் நம்ப வேண்டும்? நீங்களே எழுதிவிடுங்கள். இரட்டைப்படையில் எதுவானாலும் சரி. அவன் சுற்றும்போது அதுவே வரும்.

காந்த முனைகள்: ______

கொஞ்சம் சீக்கிரம். அக்கா ஸ்விட்சில் கை வைத்துவிட்டாள். மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வேறு நிற்கிறாள்.