வெறுங்கையால் தடவவும்

1

இந்தக் கதை நேற்று வந்த ஒரு போன் அழைப்பில் பிறந்தது. அழைத்தவள் என் தங்கச்சி. கோபத்தில் எழுதாதே என்பார்கள். கோபம் ஆறியபிறகு நான் எதையும் உருப்படியாக எழுதியதில்லை, அதனால் சூட்டோடு எழுதுகிறேன். (யார்மேல் கோபம் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும். அதற்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "அழகு நிலையத்தின் கண்ணாடிகள் காலை ஒளியில் மின்ன..." சீ, வேண்டாம். அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்கு நேரம் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: தங்கச்சி அழகு நிலையத்தில் வேலை செய்கிறாள். நாளைக்குப் பன்னிரண்டு முகம், எல்லாவற்றுக்கும் ஒரே க்ரீம். சுருக்கம் போக்கும் மருந்தை அதில் நானோ குமிழிகளில் அடைத்திருக்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும் கொழுப்புக் குமிழிகள். தோலின் இடுக்கில் புகுந்து மருந்தை உள்ளே இறக்கிவிடும்.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த க்ரீமுக்கு வாசகம் எழுதியது யார்? சாட்சாத் நான்தான். அதைத் தயாரிக்கிற கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. ஒரே வாரத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, விளம்பரத்தில் "தோலின் ஆழம்வரை செல்லும்" என்றும், உரிமம் கேட்டுப் போன கோப்பில் "தோலின் மேற்பரப்பிலேயே தங்கும்" என்றும் எழுதினேன். உள்ளே போனால் அது மருந்து, வருடக்கணக்கில் சோதனை செய்யவேண்டும். மேலேயே நின்றால் அழகுப்பொருள், ஆனால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள்.

மேலாளர் இரண்டையும் படித்துவிட்டு, "பிரமாதம்! அப்படியே ஓரத்துல, கர்ப்பிணிகள் பயன்படுத்த வேண்டாம்னு சின்னதா போட்டுடுங்க" என்றார். மேலேயே தங்குகிற பொருளுக்குக் கர்ப்பிணி ஏன் பயப்படவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இருந்தது. கேட்கவில்லை.

அழகு நிலையங்களுக்கு அனுப்பிய தாளில் இன்னொரு வரியும் என்னுடையதுதான்: "கையுறை வேண்டாம். உள்ளங்கையில் குழைத்துச் சூடேற்றி, வெறுங்கையால் தடவவும்."

4

தங்கச்சி வேலையில் கறார். "மாசமா இருக்கீங்களா?" என்று கேட்காமல் க்ரீமைத் தொடமாட்டாள். நேற்று முகத்துக்குப் பூசிக்கொள்ள வந்த ஒருத்தி, "நான் இல்லைங்க. நீங்கதான் இருக்கீங்க போலிருக்கே?" என்று அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

ஆமாம், நாலு மாதம். ஆறு வருடம் காத்திருந்து வந்த நாலு மாதம். [இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அழவைக்கிற வேலைபோல் இருந்தது. ஆனால் உண்மை, என்ன செய்ய?]

அந்த எச்சரிக்கை பூசிக்கொள்கிறவர்களுக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பாவி, நானும்தான்.

உடனே எனக்குப் போன் செய்தாள். "இரு, கேட்டுச் சொல்றேன்" என்று ஆய்வகத்துக்கு ஓடினேன்.

"தடவுறவங்க கையைச் சோதிச்சீங்களா சார்?"

"நாம முகத்துக்குத்தானே மேடம் விக்கிறோம்?" என்றார் க்ரீமைச் சோதித்த ஆய்வாளர். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

5

முடிவு அ: மருத்துவர் சிரிக்கிறார். "ஒண்ணும் பயமில்லைம்மா, குழந்தை நல்லா..." இது நான் நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதியது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: நான் ராஜினாமாவை மேலாளர் மேசையில் வீசிவிட்டு, கோப்புகளோடு... இதுவும் எனக்காகத்தான். அவளுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

நடந்தது இது. திரும்ப அழைத்தேன்.

"அக்கா, நீதானே எழுதினே? உள்ள போகுமா, போகாதா?"

"நாளையிலேர்ந்து க்ளவுஸ் போட்டுக்கோ, அப்புறம் டாக்டர்கிட்ட..."

"அதைக் கேக்கலை."

நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி வெடித்த அவள் விரல்கள் கண்முன் வந்தன.

"போகும்டி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனை அணைக்காமலே கீழே வைக்கிற சத்தம், பிறகு குழாய் திறக்கிற சத்தம். கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

எத்தனையோ வரி எழுதிய எனக்கு, அந்தக் குழாயை மூட ஒரு வரி வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். பொய் மட்டும் வேண்டாம். அதை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.